கோப்பெங்கில் மீண்டும் சுரங்கமா?



சுரங்கம் என்ற சொல் கோப்பெங் மக்களுக்குப் புதிதன்று. கிந்தா பள்ளத்தாக்கின் இந்தச் சிறுநகரம் ஈயத்தால் எழுந்தது, ஈயத்தால் தாழ்ந்தது. மலையிலிருந்து குழாய்வழியே இறக்கிய நீரைப் பீய்ச்சி, மண்ணைக் கரைத்து, ஈய மணலைப் பிரித்தெடுத்தார்கள். ஆற்று நீரில் நின்று, துலாங் எனும் மரத்தட்டில் மணலை அலசிப் பிழைத்த பெண்களும் உண்டு. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றி முடங்கியது. ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவை விட்டுச்சென்ற குட்டைகளை இன்றும் நாம் பார்க்கிறோம்.

அண்மைக் காலமாக நம் இளைஞர்களின் வாயில் அதே சொல் வேறு பொருளில் புழங்குகிறது. "மைனிங் செய்கிறேன்" என்கிறார்கள். அவர்கள் தோண்டுவது மண்ணை அன்று, கிரிப்டோ நாணயங்களை. பிள்ளை அறைக்குள் என்ன செய்கிறான் என்று விளங்காமல் கலங்கும் பெற்றோருக்காகவே இப்பதிவு.

கிரிப்டோ நாணயம் என்பது அடிப்படையில் ஒரு கணக்கேடு. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்னும் பதிவை ஒரு வங்கி வைத்திராமல், உலகெங்கும் உள்ள கணினிகள் ஆளுக்கொரு படியாக வைத்திருக்கின்றன. அக்கணக்கேட்டில் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமையைப் பெறக் கணினிகள் ஒரு புதிரை விடுவிக்கப் போட்டியிடுகின்றன. வென்றவருக்குப் புதிய நாணயம் பரிசு. இதைத்தான் மைனிங், அதாவது அகழ்தல் என்கிறார்கள். 2009-இல் தொடங்கிய பிட்காயின் இதன் முன்னோடி. அதன்பின் வந்தவற்றை ஆல்ட்காயின், அதாவது மாற்று நாணயங்கள் என்பர்.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். ஈயச் சுரங்கத்தில் மண்வெட்டிகள் கூடினால் வெளிவரும் ஈயமும் கூடும். கிரிப்டோ அகழ்தலில் அப்படி நடப்பதில்லை. லைட்காயின் என்னும் மாற்று நாணயத்தைப் பாருங்கள். 2011-இல் வெளிவந்த அதில் ஏறத்தாழ இரண்டரை நிமிடத்திற்கு ஒரு பக்கம் எழுதப்படும். பத்துப் பேர் போட்டியிட்டாலும் பத்து இலட்சம் பேர் போட்டியிட்டாலும் அதே இரண்டரை நிமிடந்தான். ஆள் கூடக்கூடப் புதிர் தானாகவே கடினமாகும். பரிசு கூடாது, பங்கு மட்டும் சிறுக்கும். ஆனால், எரியும் மின்சாரம் கூடிக்கொண்டே போகும்.

தொடக்கத்தில் வீட்டுக் கணினியிலேயே லைட்காயின் எடுக்க முடிந்தது. 2014-இல் அதற்கெனவே செய்த இயந்திரங்கள் சந்தைக்கு வந்ததும் வீட்டுக் கணினிகள் தோற்றன. பொழுதுபோக்காக இதில் ஈடுபட்டவர்கள் பலர் 2015-இல் தொடங்கிய எத்தீரியம் பக்கம் நகர்ந்தனர். கணினி விளையாட்டுக்கான கிராபிக்ஸ் அட்டைகளைக் கொண்டே அதை அகழ முடிந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளை ஈர்த்ததும் இதுவே.

என் முன்னாள் மாணவன் ஒருவன் அவர்களுள் ஒருவன். கணிதத்தில் கெட்டிக்காரன்; தோட்டப்புறத்திலிருந்து வந்த குடும்பம். பெருந்தொற்றுக் காலத்தில் ஈப்போவில் பார்த்த விடுதி வேலை நின்றுபோனது. 2021 சூன் மாதம், சேமிப்பையும் அம்மாவின் சீட்டுப் பணத்தையும் சேர்த்து 14,000 ரிங்கிட்டில் ஆறு அட்டைகள் கொண்ட இயந்திரத்தை அமைத்தான். 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் எத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. புதிர்ப் போட்டி நீக்கப்பட்டது. அன்றோடு எத்தீரிய அகழ்தல் முடிந்தது. உலகெங்கும் இருந்த கிராபிக்ஸ் அட்டைகள் ஒரே நாளில் வேலையிழந்தன. மற்ற மாற்று நாணயங்களுக்கு எல்லாரும் ஒன்றாய்ப் படையெடுத்ததால் அங்கும் பங்கு சிறுத்தது.

சில வாரங்கள் கழித்து அவனுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். "ஐயா, யாரோ ஒருத்தர் வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார். பில் வராமல் செய்து தருகிறேன் என்கிறாராம். தம்பி யோசிக்கிறான். நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார்.

அறிவுரை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மின்கட்டண இரசீதுகளை எடுத்துக்கொண்டு வரும்படி அவனிடம் சொன்னேன். இருவரும் அமர்ந்து கணக்குப் போட்டோம்.

அவன் இயந்திரம் ஏறத்தாழ 1,000 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 24 யூனிட்; மாதத்திற்கு 720 யூனிட். வீட்டின் வழக்கமான பயன்பாடு 300 யூனிட். அன்றைய கட்டண விகிதப்படி, வரி நீங்கலாக, 300 யூனிட்டுக்கு 77 ரிங்கிட். 1,020 யூனிட்டுக்கோ 464 ரிங்கிட் 12 சென். பயன்பாடு மூன்றரை மடங்குகூட ஆகவில்லை. கட்டணம் ஆறு மடங்காகிவிட்டது. பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் படிநிலைக் கட்டணம் அது. 2025 சூலையில் அந்த அமைப்பு மாறிவிட்டது. ஆயினும் கணக்குப் போடும் முறை மாறவில்லை.

பதினைந்து மாதத்தில் நாணயங்களை விற்றுக் கிடைத்தது 12,750 ரிங்கிட். அதுவரை அதையே அவன் இலாபம் என்று எண்ணியிருந்தான். அட்டைகளைப் பழைய விலைக்கு விற்றால் 3,000 கிடைக்கும். ஆக வரவு 15,750. இயந்திரம் 14,000, கூடுதல் மின்சாரம் 5,806. ஆகச் செலவு 19,806. நட்டம் 4,056 ரிங்கிட்.

அவன் நெடுநேரம் தாளையே பார்த்திருந்தான். பிறகு, "ஐயா, மின்சாரத்தை எடுத்துவிட்டால் 1,750 இலாபம்" என்றான்.

அன்பர்களே, அவன் சொன்னது கணக்கின்படி சரி. மீட்டரைப் பார்த்துச் சென்றவர் விற்க வந்ததும் அந்தக் கணக்கைத்தான். இத்தொழிலில் நாணய விலை நம் கையில் இல்லை. புதிரின் கடினம் நம் கையில் இல்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது மின்கம்பி ஒன்றுதான். அதனால்தான் கை அங்கே போகிறது.

நாட்டின் நிலை இதைக் காட்டுகிறது. 2020 முதல் 2025 ஆகஸ்டு வரை 13,827 இடங்களில் கிரிப்டோ அகழ்தலுக்காக மின்சாரம் திருடப்பட்டதாகவும், தெனாகா நேஷனலுக்கு 450 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் இழப்பு என்றும் அரசு தெரிவித்தது. சரவாக்கின் மிரியில் 2021 சூலையில், பறிமுதல் செய்த 1,069 இயந்திரங்களைக் காவல்துறை சாலை உருளையால் நசுக்கியது. அவையெல்லாம் வீட்டுப் பிள்ளைகளுடையவை என்று நான் சொல்லவில்லை. ஆனால், திருட்டு மின்சாரம் இருந்தால்தான் தேறும் என்ற கணக்குச் சிறியவனுக்கும் பெரியவனுக்கும் ஒன்றே.

"இந்த 1,750 யாருடையது?" என்று மட்டும் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. மறுவாரம் அட்டைகளை விற்றுவிட்டதாகவும், அம்மாவின் சீட்டுப் பணத்தில் முதல் தவணையைத் திருப்பிக் கொடுத்ததாகவும் செய்தி அனுப்பினான். இப்போது கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை. இயந்திரம் அமைத்துக் கற்ற பாடம் வீண்போகவில்லை.

அகழ்தலை விட்டவர்கள் பலர் வாங்கி விற்பதில் இறங்குகிறார்கள். அதற்கும் கணக்கேடு தேவை. 2022 ஏப்ரலில் 100 டாலருக்கு மேல் விற்ற லூனா என்னும் நாணயம் மே மாத நடுவில் ஒரு காசுக்கும் கீழே போனது. கேலிக்காகத் தொடங்கிய டோஜ்காயின் 2021 மே மாதம் 70 காசைத் தாண்டி, சூலையில் 20 காசுக்குக் கீழ் இறங்கியது. ஏறும்போது வாங்கியவர் கதை எல்லாருக்கும் தெரியும். இறங்கும்போது வைத்திருந்தவர் வாய் திறப்பதில்லை.

பெற்றோர்களே, பிள்ளையைத் திட்டி இயந்திரத்தைப் பிடுங்குவதால் பயனில்லை. அவன் அருகில் அமர்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். போட்ட பணம் யாருடையது? மின்சாரம் உட்பட எல்லாச் செலவும் எழுதப்பட்டுள்ளதா? வாங்கி விற்கும் தளம் மலேசிய செக்யூரிட்டிஸ் ஆணையத்தில் பதிவு பெற்றதா? 2019 முதல் இத்தளங்கள் அந்த ஆணையத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. பதிவு பெற்றவற்றின் பட்டியலும் எச்சரிக்கைப் பட்டியலும் ஆணையத்தின் அகப்பக்கத்தில் இருக்கின்றன.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் இலாப நட்டம் நடத்தும்போது மாம்பழ வியாபாரியோடு நிறுத்திவிடாதீர்கள். 1,000 வாட் இயந்திரம், 24 மணி நேரம், 30 நாள் என்று கரும்பலகையில் எழுதுங்கள். வீட்டு மின்கட்டண இரசீதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அம்மாவின் கையில் இருக்கும் அந்தத் தாளைப் பிள்ளைகளில் பலர் அன்றுதான் முதன்முறையாகப் படிப்பார்கள்.