இரண்டாவது கை

கபடியில் ஓரத்தில் நிற்கிற கார்னர், பாடி வரும் ரெய்டரின் கணுக்காலைப் பிடிப்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். கைதட்டல் அவனுக்கு, புள்ளிக் கணக்கில் பெயரும் அவனுக்கு. தடுப்பு வரிசையில் இன்னும் உள்ளே நிற்கிற கவர் இடத்தில் ஆடிப் பயிற்சியாளனானவன் நான். ஓர் அணியை நான் எடைபோடுவது, அந்தப் பிடியின் மேல் வந்து சேரும் இரண்டாவது கையை வைத்துத்தான்.

கால் சிக்கியதும் ரெய்டர் நின்றுவிட மாட்டான். உடம்பை நீட்டி நடுக்கோட்டைப் பார்த்து விழுவான். விரல் நுனி கோட்டைத் தொட்டால் போதும், அவனைத் தொட்டுக்கொண்டிருக்கிற அத்தனை பேரும் வெளியே. கவருக்குக் கிடைப்பது ஒரு நொடிகூட இல்லை. அந்த அவசரத்தில் பின்னாலிருந்து மோதினால், ரெய்டரை நாமே கோட்டுக்குத் தள்ளிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவனுக்கும் கோட்டுக்கும் நடுவில் உடம்பைக் கொண்டுவந்து, இடுப்பில் மோதி உள்பக்கம் திருப்ப வேண்டும். கார்னர் பாய்ந்த பிறகு கிளம்பினால் இதற்கு நேரம் பற்றாது. பாயப்போகிறான் என்பது முன்பே தெரிய வேண்டும்.

எப்படித் தெரியும்? கையில் தெரியும். கார்னரும் பக்கத்தில் 'இன்' ஆடுகிறவனும் கை கோத்து நிற்கிறார்கள். பாய்வதற்கு முன் கார்னரின் எடை முன்காலுக்கு மாறும். அந்தச் சின்ன இழுப்பு முதலில் வந்து சேர்வது கோத்த கைக்கு. அதை உணர்ந்து உடனே விரலை விடுகிறவன் நல்ல இன். விடத் தாமதித்தால் இருவரும் சேர்ந்து இழுபடுவார்கள். கவருக்கு அந்தக் கை கிடையாது. அவன் ஒரு கண்ணை ரெய்டரின் இடுப்பிலும் மறுகண்ணை இன்னின் தோளிலும் வைத்திருக்க வேண்டும். ரெய்டர் தலையாலும் கையாலும் எவ்வளவு வேண்டுமானாலும் போக்குக் காட்டலாம், இடுப்பால் காட்டுவது கடினம். தோளைப் படிப்பதுதான் பாடு. அதே தோளோடு மாதக்கணக்கில் பழகினால்தான் வரும். கார்னரையும் கவரையும் தனித்தனியாக நல்ல விலைக்கு ஏலத்தில் எடுத்துவிடலாம், இந்தப் பழக்கத்தை எடுக்க முடியாது.

2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி 2.26 கோடி ரூபாய்க்கு ரெய்டர் பவன் செராவத்தை எடுத்தது. புரோ கபடி அதுவரை கண்டிராத விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. அணி தடுமாறியது, நடுவில் அஷன் குமார் பயிற்சியாளராக வந்தார். ரெய்டில் நரேந்தர் சுமந்த சுமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கார்னர்களில் சாகர், சாகில் குலியா, கவர்களில் மோகித், அபிஷேக் ஆகிய நால்வரும் முந்தைய சீசனிலேயே அணியில் இருந்தவர்கள். 2017இல் லீக்குக்கு வந்த தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது அந்த ஆண்டுதான்.

அதே பழக்கத்தை எதிரணியிடம் பார்த்த 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது. 1990 முதல் அதுவரை ஆண்கள் கபடியில் எல்லாத் தங்கமும் இந்தியாவுக்கே. அரையிறுதியில் ஈரான் 27-18 என்று நம்மை வீழ்த்தியது. மல்யுத்த மண்ணின் பலம் என்றார்கள். பலம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் பிடித்த மறுமூச்சில் இன்னும் இருவர் மேலே இருந்தார்கள். அந்த வேகத்துக்கு வெறும் தோள்வலிமை போதாது.

இரண்டாவது கையின் அருமை மூன்றாவது ரெய்டில் நன்றாகத் தெரியும். தொடர்ந்து இரண்டு ரெய்டில் புள்ளி இல்லையென்றால், அடுத்ததில் எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரெய்டர் வெளியே. முப்பது நொடியும் பிடிக்கிறவன் பக்கம். சும்மா நின்றாலே புள்ளி வரும். இருந்தும் கார்னர்கள் முந்திப் பாய்ந்து புள்ளியைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். 'அட்வான்ஸ் டேக்கிள்' என்று வர்ணனையாளர்கள் திட்டுவார்கள், பொறுமை இல்லை என்பார்கள். என் எண்ணம் வேறு. பக்கத்தில் ஆள் வந்து சேருவான் என்ற நம்பிக்கை இல்லாத கார்னர்தான் முந்துகிறான். தனியாகத்தான் பிடிக்க வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு, ரெய்டர் கால் ஊன்றும் முன்பே பாய்ந்தால்தான் வழி. அவனைக் கண்டிப்பதைவிட அவனுடைய கவரைத் தேற்றுவதில் எனக்குப் பலன் அதிகம் கிடைத்திருக்கிறது.

அதனால் பயிற்சி ஆட்டங்களில் ஒரு பையனை ஓரத்தில் உட்காரவைத்து, யார் பிடித்தான் என்பதை விட்டுவிட்டு, அடுத்து யார் வந்தான், கோட்டுப் பக்கமாக வந்தானா, முதுகுப் பக்கமாக வந்தானா என்று குறிக்கச் சொல்கிறேன். அந்த நோட்டை வைத்துத்தான் ஏழு பேரை எடுக்கிறேன். ரெய்டில் கலக்கும் ஒருவனை உள்ளே கொண்டுவர, நன்றாகச் சேர்ந்து ஆடும் கார்னர்-கவர் ஜோடியில் ஒருவனை வெளியே வைக்கச் சொல்லிப் பெரிய இடத்திலிருந்தெல்லாம் பேசுவார்கள். அந்த ஜோடியை நான் பிரிப்பதில்லை.