லான்ட்மாஸ்ரரும் அப்பாவின் முழங்காலும்

காலபோகத்துக்கு முதல் மெசின் ஒன்று வாங்குவதென்று வீட்டில் முடிவாகியது. அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. நாலு சில்லு ரக்டரா, லான்ட்மாஸ்ரரா என்பதுதான் பிரச்சினை.

கம்பஸ் லீவில் வந்திருந்த நாங்கள் பெரிய ரக்டர்தான் வேணும் என்று நின்றோம். உண்மையில் அது கௌரவ ஆசை. எங்கட காணி மூன்று ஏக்கர், எல்லாம் சின்னச்சின்ன வயல்கள். லான்ட்மாஸ்ரர் என்றால் வரம்பு கடந்து இறக்கலாம். சேற்றுக்கு இரும்புச் சில்லுப் போடலாம். பெட்டி கொழுவினால் நெல்மூட்டையும் ஏற்றலாம். டீசலும் குறைவு. 2022இல் டீசல் வரிசையில் நின்ற அப்பாவுக்கு அந்த ஒரு காரணமே போதும். அதையே வாங்கினோம்.

முதல் உழவு முடிந்த இரவு அப்பா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கணக்குப் பார்த்தோம். இரண்டடி அகலத்தில் உழுதால் ஒரு ஏக்கருக்கு 6.6 கிலோமீற்றர் நடக்க வேண்டும். மூன்று ஏக்கருக்கு ஏறத்தாழ 20. அதுவும் சேற்றில்.

"பழகின கால்தானே" என்றார் அப்பா.

எத்தனை குதிரைவலு என்று கேட்ட நாங்கள், பின்னால ஆர் நடக்கிறது என்று கேட்கவேயில்லை.

மறு உழவுக்குக் கைபிடியை நாங்கள் பிடித்தோம். வரம்பில் இருந்து பிழை சொல்வது அப்பாவின் வேலையாகியது. நிறையவே சொன்னார்.