காயத்தின் நீளம்

பாதத்தில் ஏற்பட்ட காயத்துக்கு நீளம் உண்டு, ஆழம் உண்டு. அமெரிக்காவில் அதைத் தைப்பதற்கு ஓர் எண்ணும் உண்டு. அந்த எண் பிழைத்தால், தைத்த வைத்தியருக்குக் காப்புறுதிக் கம்பனி பணம் கொடாது.

என்னிடம் கல்வி பயின்ற மாணவி ஒருத்தி இன்று சென்னையில் இத்தொழில் செய்கிறாள். அமெரிக்கப் பாத வைத்தியர்களின் குறிப்புகளைப் படித்து அவற்றுக்கு எண் இடுவது அவள் வேலை. நோயாளியின் முகத்தை அவள் கண்டதில்லை. காயத்தின் அளவை மட்டும் அறிவாள். அவள் சொல்லித்தான் இந்தக் கணக்கு எனக்குத் தெரியவந்தது.

இந்த எண்களின் அட்டவணையை வெளியிடுவது அரசாங்கமன்று. அமெரிக்க வைத்தியச் சங்கம். 1966ஆம் ஆண்டில் அது முதன்முறையாக வெளிவந்தது. பாதத்துக் காயத்தை ஒரே அடுக்காகத் தைத்தால் எளிய தையல்: 2.5 சென்ரிமீற்றர் வரை 12001, அதற்குமேல் 7.5 வரை 12002. தோலின் கீழுள்ள திசுவையும் வேறாகத் தைத்து மூடினால் இடைநிலைத் தையல்: அதே அளவுகளுக்கு 12041, 12042. ஒரே வகைத் தையல் இட்ட இரு காயங்கள் 2, 3 சென்ரிமீற்றர் எனில், அவற்றைக் கூட்டி 5 என ஒரே எண் இடவேண்டும். ஒட்டுப்பட்டியால் மாத்திரம் மூடினால் தையலுக்குரிய எண்ணே கிடையாது. அடுக்குகளைப் பற்றி வைத்தியர் எழுதாவிடின், அடுக்குத் தையலும் எளிய தையலாகவே கணக்கில் விழும்.

இந்த ஒழுங்கை நான் பழிக்கவில்லை. செய்யாத வேலைக்குப் பணம் கேட்பதைத் தடுக்க அளவு வேண்டும். காயம் நேர்ந்த விதத்துக்கும் தனி எண்கள் உண்டு; ஆனால் தையலின் விலையைத் தீர்மானிப்பவை அவையல்ல. ஆணி குத்தியது தொழிலாளியின் பாதத்திலா, முதலாளியின் பாதத்திலா என்பது விலைக்கு வேண்டாத செய்தி.

நீரிழிவால் உணர்ச்சி மரத்த பாதத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே வலி எச்சரிப்பதில்லை. கட்டணத்துக்கு அஞ்சி ஒருவன் நாட்களைக் கடத்தினால், சிறு வெட்டு புண்ணாகும். புண் முற்றினால் காலையே இழக்க நேரலாம். எண்கள் வந்தவனுக்கே உரியவை. செலவுக்கு அஞ்சி வராதவனின் காயத்துக்கு அட்டவணையில் இடமில்லை.

நமது அரசாங்க வைத்தியசாலைகளில் வரிசை நீளமானது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்தை வெளியே வாங்கிவரச் சொன்னதையும் நாம் மறக்கவில்லை. ஆயினும் அங்கே தையலூசியை எடுக்குமுன் எவரும் நோயாளியின் பணப்பையை நோக்குவதில்லை. இலவசமென்பதாலேயே தரம் குன்றுகிறது, கட்டணம் அறவிட்டால் எல்லாம் சீர்ப்படும் என்போருக்கு நாம் சொல்லவேண்டிய பதில் இதுவே: குறைகளைத் திருத்துவோம். காயத்தை அளக்கும் கோல் வைத்தியரின் கையில் இருக்கட்டும். அதை வாசலில் காவலுக்கு நிறுத்த நாம் இடங்கொடுக்கலாகாது.