முக்கால் வண்டி

கட்வாரியா சராய் என்பது தெற்கு தில்லியில் கல்வி வளாகங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்ட ஒரு பழைய கிராமம். ஊர் நகரமாகிவிட்டது, சந்துகள் மட்டும் ஊராகவே இருக்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் ஆய்வு மாணவர்களும் நெருக்கியடித்து வாழும் அடுக்குமாடி ஒன்றின் மூன்றாம் தளத்தில் அந்தக் குடும்பம் இருக்கிறது. அவள் வேதியியலில் ஐந்தாம் ஆண்டு ஆய்வாளர், பாளையங்கோட்டைக்காரி. கணவன் தர்பங்காவைச் சேர்ந்தவன். இருவருக்கும் பொதுமொழி இந்தி. சண்டை வந்தால் ஆங்கிலம். குழந்தைக்கு 20 மாதம், எடை 11 கிலோ.

எடையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண்களுக்கு ஆய்வுக்காலம் முழுவதற்கும் ஒருமுறை 240 நாள்கள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு கிடைக்கும். அந்த நாள்கள் தீர்ந்த மறுவாரத்திலிருந்து அவள் குழந்தையை இடுப்பில் சுமந்து வளாகத்துக் குழந்தைக் காப்பகத்துக்கு நடந்தாள். காலையில் 25 நிமிடம், மாலையில் 25 நிமிடம். ஓராண்டு இப்படிப் போனபின் ஒரு நாள் ஆய்வகத்தில் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. இனிமேல் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது என்று எலும்பு மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். குழந்தை வண்டி வாங்கும் பேச்சு வீட்டில் அப்போதுதான் எழுந்தது.

ஆட்டோவில் போகலாமே என்று கேட்கத் தோன்றும். மாதக் கணக்குப் போட்டால் உதவித்தொகை வரும் மாதங்களில் அது இயலும். வராத மாதங்களில் இயலாது. ஆனால் அவள் நடையை விட மறுத்ததற்குக் காரணம் பணம் மட்டுமன்று. காப்பகத்தில் குழந்தை எட்டு மணி நேரம் இந்தி கேட்கிறது. மாலையில் தந்தையோடு மைதிலியும் இந்தியும். சமையல், துணி, மறுநாள் ஆய்வகக் குறிப்பு என்று அவளுடைய இரவு கரைந்துவிடுகிறது. நடக்கிற அந்த 50 நிமிடங்கள்தாம் குழந்தைக்கு வாய்க்கும் தமிழ். இடுப்பில் இருக்கும் குழந்தையின் வாய் தாயின் காதுக்குப் பக்கத்தில் இருக்கும். காகம், மாடு, பேருந்து, வேப்பமரம் எல்லாம் அந்த நடையில் வந்த சொற்கள். ‘தண்ணி’ மட்டும் எப்படியோ ‘பானி’யிடம் தோற்றுப்போனது. அதை அவள் வேடிக்கையாகத்தான் சொல்வாள். சொல்லி முடித்தபின் சிரிப்பதில்லை.

அவள் எதையும் அட்டவணையாக்கிப் பார்க்கும் பழக்கம் உடையவள். எடை, அகலம், மடித்த நீளம், சக்கரத்தின் விட்டம், ஐந்து முனை வார் உண்டா, விலை என்று பத்துப் பன்னிரண்டு நிரல்கள் வரைந்தாள். அளக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு போய், மோட்டார் சைக்கிள்கள் ஏறாதிருக்க நடைபாதையின் வாயில் நட்டிருக்கும் கம்பங்களின் இடைவெளியையும் அளந்தாள்: 57 சென்டிமீட்டர். இரண்டு பிள்ளைகள் அருகருகே அமரும் அகல வண்டிகளும் பெரிய சக்கரமுள்ள கனத்த வண்டிகளும் அந்த ஓர் எண்ணிலேயே அடிபட்டுப் போயின. படிக்கட்டில் தினமும் ஏற்றி இறக்க வேண்டும் என்பதால் எட்டுக் கிலோவுக்கு மேற்பட்டவையும் போயின. எஞ்சியவற்றில் நெருங்கிய சந்துக்கு ஏற்றதாக அவளுக்குப் பட்டது, முன்னால் ஒற்றைச் சக்கரம் வைத்த, சிறிதாக மடியும் மூன்று சக்கர வண்டி.

ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோதுதான் இந்தப் பொருளுக்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லை என்பது தெரிந்தது. தள்ளுவண்டி என்று சொல்லிப் பார்த்தாள்.

“ஏட்டி, பழம் விக்கிற வண்டியிலயா பிள்ளைய வச்சுத் தள்ளப் போற?” என்றாள் அம்மா.

இல்லையம்மா, மூன்று சக்கரம், சின்னது, குழந்தைக்கென்றே செய்தது என்று விளக்கினாள்.

“மூணு சக்கரம்னா அது நடவண்டில்லா? அதப் பிள்ளதான தள்ளும். நீ எதுக்குத் தள்ளுத?”

அம்மா சொன்னதில் பிழையில்லை. தமிழ் வீடுகளில் பிள்ளைக்கும் மூன்று சக்கரத்துக்குமான உறவு வேறு விதமானது. மரத்தாலான நடைவண்டியைப் பிள்ளை பிடித்துத் தள்ளி நடை பழகும். பெரியவர் பின்னால் வருவார். இன்னும் முன்னே போனால் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று கால் சிறுதேரை உருட்டி விளையாடுகிறார்கள். சக்கரத்தைக் ‘கால்’ என்று சொன்ன தமிழ் அது. இன்று முக்கால் என்றால் நாலில் மூன்று பங்கு என்பது மட்டுமே நினைவுக்கு வருகிறது. அந்தத் தேருக்கு வழியில் ஒரு தடையும் உண்டு. முற்றத்தில் உலரும் தானியத்தைத் தின்ன வரும் கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த பொற்குழை சக்கரத்தின் முன் கிடந்து வழிமறிக்கும். செல்வச் செழிப்பைக் காட்டவே புலவர் அதைச் சொன்னார். ஆனால் சிறிய சக்கரத்துக்குச் சிறிய பொருளே போதிய தடை என்பதைப் பார்த்திருந்தால்தான் அப்படி எழுத முடியும்.

இயற்பியலும் அதையே சொல்கிறது. அச்சில் பிடித்துக் கிடைமட்டமாகத் தள்ளும்போது, சக்கரம் தன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள படியை ஏறுவதற்கே அதன்மேல் இறங்கும் எடையை விஞ்சிய விசை தேவைப்படும். ஆரத்துக்குச் சமமான உயரம் வந்தால் எவ்வளவு தள்ளினாலும் ஏறாது. கச்சிதமான வண்டிகளின் சக்கர விட்டம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். அப்படியானால் இரண்டரை சென்டிமீட்டர்ச் செங்கல் துண்டே மல்லுக்கு நிற்கும். நடைபாதை விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இந்தியச் சாலைப் பேரவையின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி நெறி கூறுகிறது. அவள் நடக்கும் வழியில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் விளிம்புகளும் உண்டு. ஆகவே தில்லியில் குழந்தை வண்டியைத் தள்ளுவது என்பது பெரும்பகுதியும் கைப்பிடியை அழுத்தி முன்பகுதியைத் தூக்குவதுதான். அந்த வேலைக்கு மூன்று சக்கரம் நல்லது. முன்னால் ஒன்றே இருப்பதால் எளிதில் எழும். குறுக்கே ஒரே கைப்பிடி இருப்பதால் ஒரு கையாலும் திருப்பலாம். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமையும் என்பதால், முக்காலியைப் போல, மேடுபள்ளத்திலும் மூன்று சக்கரங்களும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

கடைக்காரர் சொல்லாததை வீட்டின் கீழே நிற்கும் ஆட்டோ ஓட்டுநர் சொன்னார். நான்கு சக்கரமானால் சிறு குழியை நடுவில் விட்டு இருபுறமும் தாண்டிவிடலாம். மூன்று சக்கரத்தில் பின் சக்கரங்கள் தப்பினால் முன் சக்கரம் விழும், அது தப்பினால் இவற்றில் ஒன்று விழும். முப்பது வருடமாக ஓட்டுகிறவரின் சொல். பக்கவாட்டில் சாயும் அபாயமும் கூடுதல், கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டினால் பின்னால் கவிழும் என்பனவற்றையும் அவள் குறித்துக்கொண்டாள்.

மூன்று சக்கரம் எங்கிருந்து வந்தது என்பதையும் படித்தாள். ஆய்வாளர்களுக்கு ஒரு பொருளை வாங்குவதைவிட அதன் வரலாற்றைப் படிப்பது எளிது. 1984இல் அமெரிக்காவின் யாக்கிமா நகரைச் சேர்ந்த ஃபில் பெக்லர் தம் மகனோடு ஓடுவதற்காகச் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்திச் செய்தது அது. கச்சிதமாக மடியும் கலையோ 1965இல் இங்கிலாந்தில் ஓவன் மெக்லாரன் காப்புரிமை கோரிய குடை மடிப்பு வண்டியிலிருந்து வந்தது. அவர் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றிய பொறியாளர். பறக்கும்போது சக்கரத்தை உள்ளே மடக்கும் சிந்தனை பேரக்குழந்தையின் வண்டிக்கு வந்து சேர்ந்தது. பழைய கனத்த வண்டிகளில் குழந்தை தள்ளுபவரைப் பார்த்தே படுத்திருக்கும். குடை போல மடிய வேண்டுமானால் இருக்கையும் சட்டமும் ஒன்றாக வேண்டும். அப்போது இருக்கை ஒரே திசையைத்தான் பார்க்கும். அது முன்திசையானது.

அட்டவணையில் அதற்கு நிரல் இல்லை என்பதை அவள் அன்றிரவுதான் கண்டாள். குழந்தை எந்தப் பக்கம் பார்க்கும்?

டண்டீ பல்கலைக்கழக உளவியலாளர் சுசான் சீடிக் 2008இல் வெளியிட்ட ஆய்வு அவள் கைக்குக் கிடைத்தது. பிரிட்டனின் தெருக்களில் 2,700க்கும் மேற்பட்ட பெற்றோர்-குழந்தை இணைகளைக் கவனித்துத் தொகுத்தது. முகம் பார்க்கும் வண்டிகளில் பெற்றோர் குழந்தையோடு பேசுவது, முன்திசை வண்டிகளில் பேசுவதைப்போல் ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. தெருவில் பார்த்தது காரணத்தை நிறுவாது; நிறையப் பேசுகிறவர்களே முகம் பார்க்கும் வண்டியை வாங்கியிருக்கலாம். அதற்காக 20 தாய்மாரை இரண்டு வகை வண்டியையும் தள்ளச் செய்து பார்த்த சிறு சோதனையும் அதில் உண்டு. அங்கும் போக்கு அதுவே. இருபது பேர் மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் ஒரு நாளின் தமிழ் 50 நிமிடமே என்றிருப்பவளுக்கு அதில் பாதி போவது எப்படியிருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

முகம் பார்க்கத் திரும்பும் இருக்கையுள்ள வண்டிகளை மறுபடி தேடினாள். அவள் பணத்துக்கு எட்டியவை ஒன்பதரைக் கிலோவுக்குக் குறையவில்லை. இருக்கை தனி, சட்டம் தனி என்று இரண்டு துண்டாகக் கழன்றன. மூன்று மாடி, வளைந்த படி, ஒரு கையில் குழந்தை. கணவன் அதையே வாங்கலாம், காலையும் மாலையும் நானே ஏற்றி இறக்குகிறேன் என்றான். அவன் வேலைக்குக் கிளம்புவது எட்டு மணிக்கு, திரும்புவது ஏழரைக்கு. அந்த வாக்கு எத்தனை வாரம் நிற்கும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்ததால் அதைப் பற்றி மேலே பேசவில்லை.

இதற்கிடையே நவம்பர் வந்தது. சர்ரே பல்கலைக்கழகத்தின் பிரசாந்த் குமார் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று, வண்டியிலிருக்கும் குழந்தைகள் தரைக்கு அருகே, புகைக்குழாயின் உயரத்தில் மூச்சுவிடுவதால் பெரியவர்களைவிட 60 சதவீதம் வரை கூடுதலான மாசுக்கு ஆளாகலாம் என்றது. இடுப்பின் உயரத்துக்கும் வண்டியின் உயரத்துக்கும் இடையில் இப்படியொரு கணக்கு இருக்கிறது. அவள் பெருஞ்சாலையை விட்டு வளாகத்தின் உள்வழியைத் தேர்ந்தாள். ஏழு நிமிடம் கூடுதல். மாசுக்காகச் சுற்றியது தமிழுக்கும் ஏழு நிமிடம் சேர்த்தது என்பதை அவள் உடனே கணக்கில் எழுதிக்கொண்டாள்.

முடிவில் வாங்கியது மூன்று சக்கரத்தைத்தான். வெளிநாட்டுக்குப் போகும் மூத்த ஆய்வாளர் ஒருவர் விற்றது. ஆறரைக் கிலோ, 50 சென்டிமீட்டர் அகலம். கம்பங்களுக்கு நடுவே நுழைந்துவிட்டது. முதுகு பிழைத்தது. ஆனால் முதல் வாரம் அவள் அஞ்சியபடியே நடந்தது. கண்முன் இருந்தது மேற்கூரைத் துணி மட்டுமே. துணியிடம் யாரால் பேச முடியும்? நான்காம் நாள் தான் நெறியாளரின் அழைப்பில் காப்பகம் வரை பேசிக்கொண்டே வந்துவிட்டதைக் கதவருகே உணர்ந்தாள். அன்று முதல் கைபேசி பையின் அடியில் கிடக்கிறது.

மேற்கூரையில் ஒரு சிறு சாளரம் உண்டு, மூடியைப் பின்னால் சுருட்டி வைக்கலாம். அதன் வழியே குழந்தை கழுத்தைப் பின்னால் சாய்த்துத் தாயின் முகத்தைத் தலைகீழாகப் பார்க்கக் கற்றுக்கொண்டது. ஆள் நடமாட்டமில்லாத வழவழப்பான பாதையில் அவள் திரும்பி நின்று வண்டியைத் தன்பக்கம் இழுத்தபடி பின்னோக்கி நடக்கிறாள். காவலாளி முதலில் சிரித்தார், பிறகு அவரும் பழகிவிட்டார்.

மொழி பயில முகம் வேண்டும் என்பது சரி. இருவரும் ஒரே பொருளைச் சேர்ந்து நோக்குவதும் வேண்டும் என்று குழந்தை மொழி ஆய்வு நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது; கூட்டுக் கவனம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். முன்திசை வண்டியில் முகம் இல்லை, ஆனால் தாய்க்கும் பிள்ளைக்கும் சாலை ஒன்றே. இடுப்பில் இருந்தபோது குழந்தை பெரும்பாலும் பின்னால் விலகிச் செல்லும் உலகத்தைப் பார்த்தது. இப்போது வரப்போவதை முதலில் பார்ப்பது குழந்தை. இதனால் டண்டீ ஆய்வு சொன்ன இழப்பு ஈடாகிவிட்டதா என்றால், இல்லை. அவள் மூன்று மடங்கு முயன்று பேச வேண்டியிருக்கிறது, களைத்த மாலைகளில் பேசுவதில்லை.

வண்டி வந்து ஆறாம் வாரம். நூலகத்தின் பின்புறச் சாலையில், ஆட்டோக்காரர் எச்சரித்த வகைக் குழி ஒன்று உண்டு. தினமும் அங்கே அவள் “குழி வருது, தூக்கு” என்று சொல்லிக் கைப்பிடியை அழுத்துவாள். அன்று காலை அவள் வேறு நினைவில் இருந்தாள். கூரைத்துணிக்கு அப்பாலிருந்து “குயி” என்று குரல் வந்தது. ழகரம் பிள்ளைகளுக்குக் கடைசியில்தான் கைவரும். அவள் நின்றாள். “குயி, குயி, தூக்கு” என்று வண்டி கட்டளையிட்டது. தூக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குக் கணவன் தள்ளிக்கொண்டு போனான். திரும்பி வந்து, மகள் குழியைக் கண்டதும் “கட்டா, கட்டா” என்று இந்தியில் கூவியதைப் பெருமையோடு சொன்னான். முன்னோக்கி உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தள்ளுபவர் யார் என்பது கண்ணுக்குத் தெரியாதே என்று அவள் கேட்டாள். அதற்குத் தெரிகிறது என்றான் அவன்.