பால் கறந்துவிட்டு பிளாக் தண்டருக்கு

மேட்டுப்பாளையம் ஏலத்துக்கு வாழைத்தார் ஏற்றிப் போகும் சிறுமுகை, புளியம்பட்டி பக்கத்து விவசாயிகளுக்கு அந்த ஊரில் தெரியாத சந்து கிடையாது. உருளைக்கிழங்கு மண்டி எங்கே, விடிகாலையில் டீ கிடைக்கும் கடை எது என்பதெல்லாம் அத்துப்படி. பவானிப் பாலம் தாண்டி ஊட்டி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் பிளாக் தண்டர் தண்ணீர்ப் பூங்கா இருப்பதும் தெரியும். உள்ளே போய்வந்தவர்கள்தான் குறைவு. "அடுத்த லீவுக்குப் பார்க்கலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லியே இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும்.

தடுப்பது பணம் மட்டுமல்ல, கட்டுத்தரையும்தான். ஆனாலும் பணக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம், சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சொசைட்டியில் பால் லிட்டருக்கு 38 ரூபாய் கிடைக்கிறது என்றால், தினம் ஒரு லிட்டர் காசை மட்டும் தனியே எடுத்துவைத்தால் போதும். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஆரம்பித்தால் செப்டம்பர் கடைசியில் காலாண்டு லீவு வருவதற்குள் 122 நாளில் 4,636 ரூபாய் சேர்ந்துவிடும். வாழை விற்ற மொத்தப் பணத்திலிருந்து எடுப்பதைவிட இது நல்லது. தார் விலை சரிந்த வருடம் முதலில் அடிபடுவது பிள்ளைகளிடம் சொன்ன வாக்குத்தான்.

கட்டணம் நாளுக்கு நாள், சீசனுக்குச் சீசன் மாறும். கிளம்புவதற்கு முந்தின வாரமே போன் செய்து கேட்க வேண்டியவை சில உண்டு. வார நாளில் கட்டணம் குறைவா, பிள்ளைகளுக்கு வயதா உயரமா கணக்கு, பள்ளி அடையாள அட்டைக்குச் சலுகை உண்டா, அலைக்குளம் எந்த நேரத்தில் ஓடும்? இப்படிப்பட்ட பூங்காக்கள் பலவற்றில் உயரத்தை அளந்துதான் டிக்கெட் போடுகிறார்கள். வீட்டுச் சுவரிலேயே பிள்ளையை நிறுத்தி அளந்துகொண்டு போனால் கவுண்டரில் தகராறு இல்லை.

இனி கட்டுத்தரை. காலைக் கறவையை முடித்துவிட்டுக் கிளம்பலாம், சாயங்காலக் கறவைதான் இடிக்கும். பூங்காவை முழுதாகப் பார்த்துவிட்டு நாலரை மணிக்கு வீட்டில் இருக்க முடியாது. பங்காளி வீட்டிலோ பக்கத்துத் தோட்டத்திலோ சொல்லிவைப்பதுதான் வழி. ஆனால் அன்றைக்குத்தான் புதுக் கை பட்டால் மாடு மிரண்டு பாலை அடக்கிவிடும். அதனால் முந்தின வாரம் இரண்டு மூன்று சாயங்காலம் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க, வருகிறவரே கறந்து பழக வேண்டும். தீவனம் எவ்வளவு, எந்த மாடு உதைக்கும் என்பதையெல்லாம் அப்போதே காட்டிவிடலாம். அடுத்த மாதம் அவர்கள் வீட்டார் போகும்போது இந்த வீட்டில் கறந்து கொடுத்தால் கணக்கு சரி.

பலரும் யோசிக்காமல் விடுவது அம்மாவின் டிக்கெட்டை. தண்ணீர் விளையாட்டுகளில் சேலையோடும் பருத்தி உடையோடும் பொதுவாக விடமாட்டார்கள், நைலான் துணி கேட்பார்கள். உள்ளே வாடகைக்குக் கிடைக்கும் உடையைப் பார்த்துக் கூச்சப்பட்டு, முழுக் கட்டணம் கட்டிய அம்மா பைகளுக்குக் காவலாக நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். தினம் ஒரு லிட்டர் காசைச் சேர்த்ததே பெரும்பாலும் அவர்தான். பூங்காவில் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு, முழுக்கை டீ ஷர்ட்டும் கணுக்கால் வரை நீண்ட நைலான் பேன்ட்டும் ஊர்க் கடையிலேயே வாங்கிவிடலாம். அடுத்த முறைக்கும் ஆகும். பைகளை லாக்கரில் போட்டுப் பூட்டிவிட்டால் அவரும் அலையில் நிற்கலாம்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவது அரிது. காலையில் வயிறார இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய், மதியம் மட்டும் உள்ளே வாங்கினால் செலவு அடங்கும். கட்டுச்சோறு கொண்டுபோனால் பஸ் ஸ்டாண்டிலேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். கல்லாறு பக்கம் யானை வழித்தடம் இருக்கிறது. ரோட்டோரம் மிச்சத்தைக் கொட்டுவது வேறு யாருடைய தோட்டத்துக்கோ யானையைக் கூப்பிடுவதாகிவிடும்.

தூரத்திலிருந்து வருபவர்களுக்குக் கோவையிலிருந்து காரமடை வழியாக வரும் ரயில்தான் மலிவு. ஏப்ரல், மே மாதம் மட்டும் வேண்டாம். ஊட்டிக்கு ஏறும் வண்டிகள் எல்லாம் இந்த ரோட்டில்தான் நிற்கும். அப்படியே ஊட்டியையும் பார்த்துவிடலாம் என்று சொந்த வண்டியில் கிளம்புபவர்கள் இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும், 2024 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டும் என்பது நடக்காத காரியம்.

பாட்டிக்குத் தண்ணீர் விளையாட்டு வேண்டாம் என்றால் தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயிலில் காலையில் கும்பிட்டுவிட்டு வரலாம். ஆனால் "டிக்கெட் எதுக்கு, ஆத்துலயே குளிச்சுக்கலாம்" என்று பிள்ளைகளைப் பவானியில் இறக்கக் கூடாது. மேலே பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால், இங்கே மழையே இல்லாத நாளிலும் ஆறு திடுதிப்பென்று ஏறும். முழங்கால் தண்ணீரில் நின்றவர்களை இழுத்துக்கொண்டு போன ஆறு அது.

சாயங்காலம் திரும்பும்போது சிறுமுகை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் போகலாம். ஈரத் துணிக்குக் கழுவிக் காயவைத்த தீவனப் பை ஒன்றை மடித்து எடுத்துப்போனால் போதும்.