பினாங்கில் வீடு பார்த்த கதை

8 செப்டம்பர் 2019, ஞாயிறு

விடியுமுன் கிள்ளானிலிருந்து புறப்பட்டுப் பட்டர்வொர்த் துறையில் ஃபெரி ஏறினோம். ஆளுக்கு ஒரு வெள்ளி இருபது காசு. தீவிலிருந்து திரும்புகிறவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை என்பது இந்தத் துறையின் வழக்கம்.

முப்பத்தைந்து வருஷம் வகுப்பறையில் சுண்ணக்கட்டித் தூளையும், அதைவிட அதிகமாகத் துறைமுகத்துக்கு ஓடும் லாரிகளின் புகையையும் சுவாசித்தவனுக்கு, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகாவது கடற்காற்று வீசும் ஸ்தலத்தில் வசிக்க வேண்டும் என்ற ஆசை தோன்றுவது இயல்புதான். ஆனால் ஆஸ்துமாக்காரியான என் மனைவிக்கு அது ஆசையன்று, அவசியம். 2005-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்ட நாட்களில், அவள் இராமுழுதும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். வீட்டின் விலையைக் கேட்குமுன் காற்றின் குணத்தை விசாரிக்கும் பழக்கம் அன்று என்னைப் பற்றிக்கொண்டதுதான்.

நடுக்கடலிலிருந்து கொடிமலை தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். 833 மீட்டர் உயரமுள்ள அந்த மலை இன்று சலவைக்குப் போடாத வேட்டியின் நிறத்தில் எங்கோ மங்கிக் கிடந்தது. "மேகமாக இருக்கும்" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை.

11 செப்டம்பர், புதன்

குவீன் ஸ்ட்ரீட்டில், 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியைப் பார்த்தோம். கீழே இறங்கினால் பூக்கடை, எதிரே பலசரக்குக் கடை, சந்து திரும்பினால் தோசை. சாயங்காலத்தில் கோவில் வாசலில் உட்கார்ந்தால், ஊர்க்கதை பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. என் மனைவிக்கு வீடு பிடித்துப்போனது அவள் படியேறிய வேகத்திலேயே தெரிந்தது.

நானோ ஜன்னலோரம் அரைமணி நேரம் நின்றேன். ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து யாத்திரிகர் கூட்டம் பெருகிவிட்டது. குறுகலான வீதியில் நகர மாட்டாமல் நிற்கும் வாகனங்கள் எஞ்சினை அணைப்பதேயில்லை. அவற்றின் இடுக்கில் மோட்டார்சைக்கிள்கள். ஜன்னல் சட்டத்தில் விரலை ஓட்டினேன். மை தொட்டதுபோல் ஆயிற்று.

"விரலை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல கீழே காப்பி குடிச்சிட்டு வாங்க" என்றாள் அவள்.

14 செப்டம்பர், சனி

மலைத்தொடரைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கத்துப் பாலிக் புலாவுக்குப் போனோம். ஜாதிக்காய், கிராம்பு, டுரியான் மரங்களுக்கு நடுவே ஒரு மலாய்ப் பெரியவரின் வீடு. நான் ஆசிரியன் என்று அறிந்ததும், "சேகு, சேகு" என்று அவர் மரியாதையாக அழைத்து, முற்றமெல்லாம் சுற்றிக் காட்டினார். வாகனப் புகை என்பது இங்கே பெயருக்குத்தான்.

இதுவே நமது வாசஸ்தலம் என்று நான் மனத்துக்குள் நிர்ணயித்த வேளையில், அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் சருகுக் குவியலுக்கு நெருப்பு வைத்தார்கள். சட்டம் தடுத்திருக்கும் காரியந்தான். சட்டம் பாலிக் புலாவுக்கு வந்து சேர மலைச்சாலையின் வளைவுகள் அநேகம். இருட்டத் தொடங்கியதும் கொசு படையெடுத்தது. பெரியவர் உபசாரமாக ஒரு கொசுவர்த்திச் சுருளை எங்கள் காலடியில் ஏற்றி வைத்தார். ஒரு சுருள் முழுதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் அளவுக்கு நுண்துகளைக் கக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் 2003-இல் கணக்கிட்டுச் சொன்னதை, அவருடைய தேநீரை அருந்திக்கொண்டே சொல்வதற்கு எனக்கு நா எழவில்லை. மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் அதே மலைச்சாலையை நள்ளிரவிலும் கடக்க வேண்டும். சுத்தமான காற்றுக்குப் போய், மூச்சு முட்டும்போது தூரத்தில் நிற்பதா?

18 செப்டம்பர், புதன்

மேகமன்று; புகைமூட்டந்தான். குறியீடு நூறைத் தாண்டி, "ஆரோக்கியமற்றது" என்னும் வகுப்புக்குள் போய்விட்டது. பள்ளிகளை மூடுகிறார்கள். விடுதியறையின் ஜன்னல்களைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

மலாக்கா ஜலசந்திக்கு அப்பால் சுமத்திராவில், மக்கிய மரமும் தழையும் ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் படிந்த சதுப்பு நிலத்தைச் செம்பனைக்காகவும் பிற பயிர்களுக்காகவும் கால்வாய் வெட்டி வடித்துவிட்டால், அது காய்ந்து விறகாகிவிடுகிறது. பற்றிய நெருப்பு மேலே அணைந்தாலும் தரைக்கடியில் கனன்றுகொண்டே கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் புகையை யாரையும் கேளாமல் இங்கே கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. புகை எல்லை தாண்டுவதைத் தடுக்க ஆசியான் நாடுகள் 2002-இல் ஓர் உடன்படிக்கை செய்தன; புகை புறப்படும் இந்தோனேசியா அதை உறுதிசெய்தது 2014-இல். பன்னிரண்டு வருஷம்! ஒரு குழந்தை பிறந்து ஆரம்பப் பள்ளியை முடிக்கும் காலம்.

இந்தப் புகை வரும்போது மலையடிவாரம், கடற்கரை, நகரம் என்ற பேதமில்லை. ஆகவே இதை வைத்து வீதிக்கு வீதி தராதரம் பார்ப்பது வீண் என்று இன்று பகல் முழுதும் யோசித்ததில் தோன்றியது. புகைமூட்டம் சில வாரத்து விருந்தாளி. அதுவும் எல்லா வருஷமும் வருவதில்லை. ஜன்னலுக்குக் கீழே நிற்கும் பஸ்ஸோ வருஷம் முந்நூற்றறுபத்தைந்து நாளும் குடியிருப்பது. உலகச் சுகாதார நிறுவனம் 2005-இல் வகுத்த அளவு, நுண்துகளுக்கு ஒரு நாளைக்குக் கன மீட்டருக்கு 25 மைக்ரோகிராம். வருஷச் சராசரிக்கோ 10 தான். பயமுறுத்தும் நாளைவிடச் சாதாரண நாளுக்கு அளவு கடுமையாக இருப்பதன் காரணம் விளங்கிற்று. கண்ணுக்குத் தெரியும் புகையைப் பார்த்து மிரண்டு, தெரியாத புகைக்கு வாடகை கொடுக்க இருந்தேன்.

28 செப்டம்பர், சனி

மழை கொட்டி வானம் வெளுத்தது. கொடிமலை மரம் மரமாகத் தெரிகிறது.

1884-இல் அமைந்த தாவரப் பூங்காவுக்கும் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கும் பக்கத்தில், பெருஞ்சாலையைவிட்டு உள்ளே தள்ளி, ஒரு சிறிய வீடு. இரு புறமும் ஜன்னல், மலையிலிருந்து குளிர்ந்த காற்று இறங்குகிறது, ஆஸ்பத்திரி சமீபம், குவீன் ஸ்ட்ரீட்டுக்கு பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் பேச்சுத்துணை இல்லை, தைப்பூசத்தின்போது லட்சக்கணக்கானோர் வாசலைக் கடந்து போவார்கள், குரங்குகளோ வருஷமெல்லாம் வரும். விலைக்கு வாங்கலாமா என்று நான் ஆரம்பித்தபோது மனைவி குறுக்கிட்டாள்.

"ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு எடுங்க. அடுத்த செப்டம்பரும் இங்கே இருந்து பார்த்துட்டுப் பேசலாம்."

பிறகு வீட்டுக்காரரை அழைத்து, எல்லா ஜன்னல்களுக்கும் கொசுவலை அடித்துத் தருவாரா என்று கேட்டாள். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ஆணி எத்தனை வேண்டியிருக்கும் என்று அவள் அதற்குள் எண்ணத் தொடங்கிவிட்டாள்.