வாட்சனின் 147 ரன்னும் எங்கள் பையனின் 34 ரன்னும்

ஷேன் வாட்சனை எங்கள் நெமிலி டீக்கடைகள் திட்டித் தீர்த்த மாதம் ஒன்று உண்டு. 2019 ஏப்ரல். 0, 44, 13, 5, 26, 17, 0, 6, 31, 5. சென்னை சூப்பர் கிங்ஸின் தொடக்க ஆட்டக்காரர் பத்து இன்னிங்ஸில் அடித்தது மொத்தம் 147 ரன். சராசரி 14.7. "37 வயசாயிடுச்சுப்பா, பென்ஷன் குடுத்து அனுப்புங்க" என்று சொல்லாத ஆள் இல்லை.

தோனியும் பயிற்சியாளர் ஃபிளெமிங்கும் அசையவில்லை. ஏப்ரல் 23 அன்று சேப்பாக்கத்தில், ஹைதராபாத்துக்கு எதிராக 53 பந்தில் 96 ரன். திட்டிய வாய்களே விசில் அடித்தன. மே 12 இறுதிப் போட்டியில் முட்டியில் ரத்தம் வழிய 80 ரன் எடுத்து, கடைசி ஓவரில் ரன் அவுட் ஆகி, ஒரு ரன்னில் கோப்பை போனது வேறு கதை. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரியும். விடுங்கள்.

நம்மில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்த ஐ.பி.எல். தொடங்குவதற்குச் சில நாள் முன்புதான் வாட்சன் பாகிஸ்தான் சூப்பர் லீக்கில் 430 ரன் குவித்துத் தொடர் நாயகன் விருது வாங்கியிருந்தார். ஒரே மாதத்தில் ஒருவருக்கு வயசாகிவிடுமா? பத்து இன்னிங்ஸை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் 'முடிந்துபோன ஆள்'. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் 'நன்றாக ஆடிக்கொண்டிருந்தவருக்கு ஒரு மோசமான மாதம்'.

இதை நான் மறுபடி தோண்டியெடுத்தது போன வருடம், என் அக்கா பையனுக்காக.

அவனுக்கு 16 வயது, ப்ளஸ் ஒன். ஸ்டிச் பாலில் ஆடும் கிளப் ஒன்றில் இருக்கிறான். அந்த கிளப்புக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கோர் எழுதுகிறவன் நான். ஏழு இன்னிங்ஸ் தொடர்ந்து சொதப்பல்: 4, 0, 11, 2, 7, 1, 9. மொத்தம் 34 ரன், ஏழு தடவையும் அவுட். சராசரி ஐந்துகூட இல்லை. மாவட்டத் தேர்வுக்கு கிளப் பெயர் அனுப்ப இன்னும் ஒரே ஒரு மேட்ச்தான் பாக்கி. அதில் அவனை உட்கார வைக்கப் போவதாகக் கோச் சொல்லிவிட்டார்.

வீட்டில் அதற்கு மேல். "டென்த்துல 450 எடுத்த புள்ளடா. இந்தக் கட்டையைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டுப் படிக்கச் சொல்லு. நீ சொன்னாதான் கேப்பான்" என்றாள் அக்கா. பையன் எதுவும் பேசவில்லை. சாப்பிடுவதையும் குறைத்துக்கொண்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ நல்லாதான் ஆடுற" என்று முதுகில் தட்டலாம். அவன் நம்ப மாட்டான். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது?

நான் ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் கணக்கு எழுதுகிறேன். அங்கே தோலைத் தரம் பிரிக்கிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். லாட்டில் மேலே கிடக்கும் நாலு தோலைப் பார்த்து மொத்த லாட்டுக்கும் தரம் சொல்ல மாட்டார்கள். கறை தெரிந்தால் உடனே ஒதுக்கவும் மாட்டார்கள். புரட்டிப் பார்த்து, விரலால் தடவி, இது முள் கீறியதா, உண்ணி கடித்ததா, உரிக்கும்போது கத்தி பட்டதா என்று காரணம் பார்ப்பார்கள். ஸ்கோர் புக்கையும் அப்படித்தான் புரட்டினேன்.

நான் எழுதும்போது ஒரு பழக்கம் உண்டு. ரன்னுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறி வைப்பேன். பந்து மட்டையில் நினைத்தபடி பட்டால், அல்லது வேண்டுமென்றே விட்டால், புள்ளி. எட்ஜ் எடுத்தாலோ, ஆடித் தவறவிட்டாலோ, பெருக்கல் குறி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. சர்வதேச ஆட்டங்களில் ஒவ்வொரு பந்துக்கும் இப்படிக் குறித்து 'கன்ட்ரோல்' சதவீதம் என்று கிரிக்இன்ஃபோவில் போடுகிறார்கள். ரன் என்பது ஃபீல்டர் கேட்சை விட்டதையும் சேர்த்த கணக்கு. கன்ட்ரோல் என்பது மட்டைக்கும் பந்துக்கும் நடுவில் மட்டும் நடந்த கணக்கு.

எங்கள் பையன் ஏழு இன்னிங்ஸில் சந்தித்தது 71 பந்து. அதில் பெருக்கல் குறி 16. அதாவது 77 சதவீதம் சரியாக ஆடியிருக்கிறான். அதே மேட்ச்களில் 212 ரன் அடித்து, எல்லோரும் தலையில் தூக்கி வைத்திருந்த ஓப்பனருக்கு எவ்வளவு தெரியுமா? 148 பந்தில் 43 பெருக்கல். 71 சதவீதம்தான். அந்தப் பையனுக்கு நாலு கேட்ச் விட்டிருந்தார்கள். அவனைக் குறை சொல்லவில்லை. கிடைத்த வாழ்வை ரன்னாக மாற்றுவதும் திறமைதான்.

அடுத்து, எப்படி அவுட் ஆனான். இரண்டு ரன் அவுட். இரண்டு, ஏழாவது ஆளாக இறங்கி, கடைசி ஓவரில் தூக்கியடித்து லாங் ஆனில் கேட்ச். அந்த நேரத்தில் அவனுக்குக் கொடுத்த வேலையே அதுதான். மீதி மூன்று: ஒரு போல்ட், இரண்டு எல்.பி.டபிள்யூ. இந்த மூன்றையும் எடுத்தது இடது கை வேகப்பந்து வீச்சாளர்கள்.

அங்கேதான் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். இடது கை பவுலர்களிடம் அவன் ஆடிய 34 பந்தில் பெருக்கல் குறி 11. மற்ற எல்லோரிடமும் சேர்த்து 37 பந்தில் வெறும் 5.

ஆக, பாதி அதிர்ஷ்டக் கேடு, பாதி உண்மையான ஓட்டை. இரண்டையும் ஒரே பையில் போட்டு 'ஃபார்ம் இல்லை' என்று பெயர் வைத்திருந்தோம். பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இந்த இரண்டாவது வகை வருவது உண்டு. 2014 இங்கிலாந்து பயணத்தில் விராட் கோலி பத்து இன்னிங்ஸில் எடுத்தது 134 ரன், சராசரி 13.40. வாட்சனின் எண்ணைப் போலவே இருக்கிறது இல்லையா? ஆனால் கோலியை நான்கு முறை ஆண்டர்சன் ஒருவரே வீழ்த்தினார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொட்டுத் தொட்டு அவுட். அதைப் பொறுமையாகக் காத்திருந்து சரிசெய்ய முடியாது. 2018-ல் திரும்பிப் போனபோது கிரீசுக்கு வெளியே வந்து நின்று, உடம்போடு ஒட்டி ஆடினார். ஐந்து டெஸ்டில் 593 ரன். ஆண்டர்சனுக்கு ஒரு விக்கெட்கூடக் கொடுக்கவில்லை.

இந்த மாதிரிக் கணக்கை நமக்கு முன்பே பிழிந்து எடுத்தவர்கள் அமெரிக்க பேஸ்பால்காரர்கள். மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்துகளில், சுமாராகப் பத்துக்கு மூன்றுதான் அங்கே அடிப்பவருக்குப் பலன் தரும். மீதி ஆள் கைக்குப் போய்விடும். ஒருவருக்கு அது பத்துக்கு இரண்டாகக் குறைந்தால் உடனே துரத்த மாட்டார்கள். பந்து மட்டையை விட்டு எவ்வளவு வேகமாக, எந்தக் கோணத்தில் கிளம்புகிறது என்று பார்ப்பார்கள். 2015 முதல் 'ஸ்டேட்காஸ்ட்' என்ற ஏற்பாட்டில் பெரிய லீக் மைதானங்கள் எல்லாவற்றிலும் இதை அளக்கிறார்கள். வேகம் அப்படியே இருந்தால் காத்திருப்பார்கள், குறைந்தால் கவலைப்படுவார்கள்.

ஆனால் அவர்களுக்கு ஒரு சீசனில் 162 மேட்ச். முழுநேரமாக ஆடுகிறவருக்கு 600 முறைக்கும் மேல் அடிக்க வாய்ப்பு. ஐ.பி.எல். லீக் சுற்றில் ஒருவருக்கு 14 இன்னிங்ஸ்தான். எங்கள் கிளப்பில் அதற்கும் கீழே. என் 34 பந்து ஆறு ஓவர்கூட ஆகாது என்பது எனக்கும் தெரியும். அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. எங்கே கை வைத்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லலாம்.

நோட்டை எடுத்துக்கொண்டு முதலில் பையனிடம்தான் போனேன். அரை மணி நேரம் தன் இன்னிங்ஸையே வேறு யாருடையதோ போலப் படித்தான். "இன்னா மாமா, லெஃப்ட் ஆர்ம் வந்தாலே நான் முன்காலைக் குறுக்கே போடுறேனா?" என்று அவனே கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது, நான் ஸ்கோரர், கோச் இல்லை.

கோச் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். "கம்ப்யூட்டர் வெச்சுக்கினு இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க சார்" என்றார். இருக்கிறார்கள்தான். தென்னாப்பிரிக்க அணிக்குப் பல வருடம் ஆய்வாளராக இருந்த பிரசன்னா அகோரம் நம் தமிழ்க்காரர். அஷ்வினின் யூடியூப் சேனலில் தமிழிலேயே விளக்குகிறார். அதைத்தான் கோச்சிடம் சொன்னேன். அவர் இரண்டாம் முறை படித்தபோது சிரிக்கவில்லை. "நாலாவது இறக்கிப் பாக்குறேன். ஆனா லெஃப்ட் ஆர்ம் பிரச்னையை நீங்கதான் பாத்துக்கணும்."

இடது கை பவுலர் கிடைப்பது லேசில்லை. கடைசியில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் சம்மதித்தார். வறண்டு கிடந்த ஏரிக்குள், காலை ஆறு மணிக்கு, பத்து நாள், தினமும் ஐந்து ஓவர். வேகம் பெரிதாக இல்லை, கோணம் இருந்தது. அக்கா முதல் நாள் முறைத்தாள், நாலாம் நாள் ஃபிளாஸ்க்கில் டீ கொடுத்து அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலாவதாக இறங்கி 44 பந்தில் 31 ரன். பெருக்கல் குறி 8. இடது கை பவுலரிடம் 15 பந்து, அதில் 3. அவுட் ஆனது ஒரு ஆஃப் ஸ்பின்னருக்கு. கிளப் அனுப்பிய பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. ஓப்பனர் பையன் பெயர் வந்தது. அடுத்த மாதத்து மேட்ச்களுக்கு நாலாவது இடம் இவனுக்கு என்று கோச் சொல்லியிருக்கிறார். அக்கா அரையாண்டுத் தேர்வு மார்க்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறாள்.

இப்போது ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறான். சண்டையும் போடுகிறான். "மாமா, பன்னெண்டாவது ஓவர்ல மூணாவது பந்து எட்ஜ் இல்ல. நான்தான் மட்டையைத் திறந்து தர்ட் மேன் பக்கம் விட்டேன். புள்ளி வைங்க."

பெருக்கல் குறியை நான் அழிக்கவில்லை.